இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ பூனை

பந்தயக் கார் வைத்திருந்தவர்களுக்கு அந்த வட்டாரத்தில் இரண்டே கவலை. பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். அதற்குமுன் வண்டியைத் தராசு மகானிடம் காட்ட வேண்டும். காட்டினால் வெற்றி நிச்சயம். தோற்றால்? ஓட்டியவன் மனதில் சந்தேகம் இருந்ததாக மகான் சொல்லிவிடுவார். சந்தேகமே இல்லாத மனிதன் உண்டா? ஆகவே மகான் இதுவரை தோற்றதே இல்லை.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. நான்கு சக்கரமும் தரையில் எவ்வளவு பாரம் போடுகின்றன என்று நிறுத்துப் பார்த்து, ஸ்பிரிங்கைத் திருகிச் சரிசெய்தால் வண்டி வளைவில் சொன்ன பேச்சு கேட்கும். அதற்கு நல்ல தராசு நான்கு போதும். ஆனால் கடையில் கிடைப்பது வெறும் தராசு. மகான் கொண்டுவருவது மூச்சு ஊதிய தராசு. ஊதியவருக்கு வரிசை, ஊதாதவருக்கு ஈ ஓட்டும் வேலை.

பழைய இரும்புக் கடை அக்காவுக்கு இதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாகத் தராசோடு குடும்பம் நடத்துகிறவள் அவள். தட்டுக்கு அடியில் காந்தம், ஓரத்தில் கட்டைவிரல் என்று பார்க்காத தில்லுமுல்லு இல்லை. அவளுடைய தம்பியோ போன வாரம்தான் இடப்பக்க வளைவில் சுழன்று, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர் சுவரில் மோதி, நெற்றியில் ஏழு தையலோடு வந்திருந்தான். வரும் ஞாயிறு மறுபடி அதே வளைவு. அவள் நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அவனோ மகானையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை வீட்டுக் கொட்டகையில் முப்பது பேர். இடம் கிடைக்காதவர்கள் ஆயில் டிரம் மேல் ஏறி நின்றார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசுத் தட்டு வைத்து, நடுவில் எடை காட்டும் மின்திரை ஒன்றை நிறுத்தினார் மகான். எண்கள் தாறுமாறாக வந்தன. கூட்டம் உச்சுக் கொட்டியது.

"இடது முன் சக்கரத்துக்கு ரொம்ப நாளா மனக்குறை" என்றார் மகான், டயரைத் தடவிக்கொண்டே. "நான் ஏழு மூச்சு விட்டா நாலும் சமாதானமாயிடும்."

"நாலும் சமமா வருமா?" என்று கேட்டாள் அக்கா. "இஞ்சின் முன்னாடி கிடக்கு. பின்னாடி ஒரு ஸ்டெப்னிகூட இல்ல."

"கணக்குப் பாக்கிறவங்களுக்கு இது புரியாதும்மா."

"சரி, இவன வண்டியில உக்கார வைங்க. அப்புறம் நிறுக்கலாம்."

"கூடவே கூடாது. உயிருள்ளது எது ஏறினாலும் தட்டோட மூச்சு போயிடும்."

"பந்தயத்துல இவன் உயிரோடதானே சாமி உக்காந்திருப்பான்?"

டிரம் மேல் நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, சாமி குற்றமாகிவிடும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். தம்பி கெஞ்சினான். "அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரேன்."

மகான் ஒரு கையை நெஞ்சில் வைத்தார், மறு கையை ஜிப்பா பைக்குள் விட்டார், கண்ணை இறுக மூடினார். ஏழு மூச்சும் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அந்தச் சட்டம்தான் அக்காவுக்குக் கைகொடுத்தது.

முதல் மூச்சில் ஜாக்கியை இடது முன் பக்கம் தள்ளினாள். மூன்றாம் மூச்சுக்குள் சக்கரம் அந்தரத்தில் நின்றது. மகான் ரயில் இஞ்சின் மாதிரி ஊதியதில் ஜாக்கியின் சத்தம் அவர் காதில் விழவேயில்லை. தம்பி வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஐந்தாம் மூச்சில் தட்டைக் காலாலேயே வெளியே இழுத்தாள். கொட்டகைப் பூனைக்கு அது நல்ல படுக்கையாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, படுத்து, வாலை நக்க ஆரம்பித்தது. முப்பது பேரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

ஏழாம் மூச்சு. திரையில் நான்கு எண்களும் மாறின. இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு.

"பாருங்க, நாலும் சமாதானம்" என்றார் மகான், கண்ணைத் திறக்காமலே.

"பாத்தோம் சாமி" என்றாள் அக்கா. "எங்க வீட்டுப் பூனை இருநூத்திப் பன்னெண்டு கிலோ. வெறும் எலியத் தின்னே இப்படி வளந்திருக்கு."

அதற்குமேல் கூட்டம் தாங்கவில்லை. ஒருவன் சிரித்துச் சிரித்து டிரம்மிலிருந்தே விழுந்தான். அக்கா மகானின் கையைப் பிடித்துப் பையிலிருந்து வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் ஒற்றைப் பொத்தான் வைத்த ரிமோட். பூனையைத் தூக்கிவிட்டு அழுத்திப் பார்த்தார்கள். வெறும் தட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. "சாமி" என்று கும்பிட்ட வாய்களே "டேய்" என்றன. மகான் தட்டுகளை விட்டுவிட்டு ஓடினார். தட்டுக்கு மூச்சு இருந்ததோ இல்லையோ, அவருக்கு நன்றாக வாங்கியது.

பிறகு அக்கா தன் கடையிலிருந்து நான்கு தராசுகளை இறக்கினாள். ஒரே ஐம்பது கிலோ கல்லை நான்கிலும் மாற்றி மாற்றி வைத்தாள். மூன்று ஐம்பது காட்டின, ஒன்று நாற்பத்தெட்டு காட்டியது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று கொண்டுவந்தாள். தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயைப் பிடித்துத் தரைமட்டம் பார்த்து, தாழ்ந்த மூலைக்குத் தகடு வைத்தாள். தம்பியை ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார வைத்தாள். முன் இடது, பின் வலது என்று குறுக்காக இரண்டிரண்டு சக்கரமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு ஜோடியில் அறுபது கிலோ அதிகம். ஏழு தையலுக்குக் காரணம் மனக்குறை இல்லை, அந்த அறுபது கிலோ. சாயங்காலம்வரை ஸ்பிரிங்கைத் திருகினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பதினோராவதாக வந்தான். நெற்றி முழுசாக வந்தது. அக்காவுக்கு அதுதான் முதல் பரிசு. வாசலிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் நின்றவன், டிரம்மிலிருந்து விழுந்தவனேதான், கையில் ஒரு கிண்ணம் பால் வைத்திருந்தான்.

"அக்கா, உங்க பூனைய என் வண்டியில ஒரு அஞ்சு நிமிஷம் உக்கார வைக்கணும். ராசியான பூனையாமே."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாலை வாங்கிப் பூனைக்கு வைத்தாள்.

"தம்பி, தலை இருக்கிறது ஹெல்மெட் மாட்ட மட்டும் இல்ல" என்றாள்.