சுண்ணாம்பு ஏறிய விருந்தாளி

பூமி லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்யும் வேலையை, சிதம்பரத்தில் எங்கள் கல்லூரி நிலவியல் துறை ஒரே காலையில் செய்து முடித்தது. துறையின் எழுத்தர் என்ற முறையில் இதைப் பெருமிதத்துடன் பதிவு செய்கிறேன்.

"கௌரவ" விரிவுரையாளர் இசைவாணி, அதாவது ஒன்பது வருட கெஸ்ட், மலை மலையாக அலைந்து ஒரு கல்லைக் கொண்டுவந்திருந்தார். அதை ஆய்வுக் குழுவிடம் நிரூபித்தால்தான் அடுத்த வருடமும் வேலை.

"அப்படி என்னம்மா இருக்கு இதுல?" என்று கேட்டேன்.

"பாம்புப்பாறைன்னு ஒண்ணு சார். தண்ணி குடிச்சி உப்பி உருவாகுது. தனக்கு வேணாத கால்சியத்த, உள்ள மாட்டிக்கினு இருக்குற வேற கல்லுமேல தள்ளிடும். அதுங்கிட்ட இருக்குற சிலிக்காவ உருவிக்கும். கடைசியில அந்த கெஸ்டு கல்லோட பேரே மாறிடும். இதுதான் அந்தக் கல்லு."

"அடப் பாவமே!" என்றேன். துறைத்தலைவர் சேதுமாதவன் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகள் நான்கும் இசைவாணியின் மேசையில்தான் இருந்தன. இசைவாணி எழுதிய ஆய்வறிக்கையின் அட்டையில் தலைவர் பெயரை நான்தான் தட்டச்சு செய்திருந்தேன்.

குழு வரும் நாள். "வாசல்ல கிடக்குற கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சிடு" என்று தலைவர் ஆணையிட்டார். கடமை வீரரான துறை உதவியாளர் சின்னையன், காற்றுக்குக் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுத்திருந்த இசைவாணியின் கல்லையும் விடவில்லை. இரண்டு கோட் அடித்து, பாதை ஓரத்து நூறு கற்களோடு வரிசையில் வைத்துவிட்டார்.

"அண்ணே, என் கல்லு எங்க?"

"எல்லாம் ஒரே கலராப் பூட்ச்சிம்மா!"

"ஐயோ! என் பொழப்பே அதுலதாண்ணே இருக்கு!"

இசைவாணி வாளியும் தேங்காய் நாருமாக ஒவ்வொரு கல்லாகக் கழுவத் தொடங்கினார். "கார் கீரப்பாளையம் தாண்டிட்ச்சாம்!" என்று கத்தினேன். பத்தொன்பதாவது கல்லைக் கழுவும்போது குழு வந்து இறங்கியது.

"என்ன இது, எல்லாக் கல்லும் வெள்ளையா இருக்கு?" என்றார் குழுத்தலைவி கார்த்யாயினி.

"கால்சியம் ஏறின கல்லு மேடம். நம்ம கண்டுபிடிப்பு" என்றார் சேதுமாதவன், கண் இமைக்காமல்.

அம்மையார் தொட்டுப் பார்த்தார். "அட, கையிலயே ஒட்டுதே! ரொம்ப ஜாஸ்திதான்!"

"மேடம், இதுதாங்க நெஜம்!" கழுவிக் கண்டெடுத்த தன் கல்லைச் சொட்டச் சொட்ட நீட்டினார் இசைவாணி.

அதையும் தொட்டார்கள். கையில் எதுவும் ஒட்டவில்லை. "கால்சியம் இல்லை" என்று குறித்துக்கொண்டார்கள்.

தலைவருக்கு விருது. இசைவாணிக்கு, 'தங்கள் சேவை இனித் தேவையில்லை'. அந்தக் கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

கிளம்பும்போது குழுத்தலைவி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆமா, அறிக்கையில இருக்குற அந்தப் பாம்புப்பாறைய மட்டும் காட்டவே இல்லியே?"

நான் திரும்பிப் பார்த்தேன். தலைவர் அறையில், சுழல் நாற்காலியில், அது மூன்றாவது டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.