செருப்பு மூலமாக வசிக்கும் கணவர்

கணவன் விட்டுவிட்டுப் போனால் மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு. இது சட்டம். ஆனால் அவன் நிஜமாகவே போயிருக்க வேண்டும். இதுவும் சட்டம். போனானா இல்லையா என்று போனவனைக் கேட்டு முடிவு பண்ண முடியாது, விடப்பட்டவளைக் கேட்டும் முடியாது. இரண்டு பேரும் பொய் சொல்லலாம். ஆகையால் வீட்டைப் பார்த்து உண்மை அறிய ஓர் அதிகாரியை வைத்திருந்தார்கள்.

ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டிருந்த ஒரு தையல்காரி வீட்டுக்கு அவர் ஒரு நாள் காலையில் வந்தார். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். இரண்டு தெரு தள்ளி வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கிழிந்ததைத் தைத்துக் கொடுத்து அவளால் வாடகை கட்ட முடியவில்லை. இந்த மாதம் பணம் வராவிட்டால் சாமானைத் தெருவில் வைப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யாரும்மா?"

அவள் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"எது சார்?"

குடை நுனியால் காட்டினார். ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு.

"அது சும்மா போட்டு வச்சிருக்கேன் சார். தனியா இருக்கேன்னு தெரிஞ்சா கண்டவனும் கதவைத் தட்டுறான். பழைய சாமான் கடையில வாங்கினது."

"அப்போ உன் புருஷன் செருப்பு இல்ல."

"இல்லீங்க."

"வேற ஆம்பளை செருப்பு."

"ஐயையோ, அப்படியில்லீங்க!"

"பதறாதம்மா. புருஷன் செருப்புன்னா அவர் வீட்டோட இருக்கார், ஜீவனாம்சம் கிடையாது. வேற ஆள் செருப்புன்னா உனக்கு வேற ஆள் இருக்கார், அப்பவும் கிடையாது. எதை எழுதட்டும்? நீயே சொல்லு. உன் உரிமையில நான் தலையிட மாட்டேன்."

எப்படியும் பணம் இல்லை. மானமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள்.

"புருஷன் செருப்புன்னே எழுதிக்குங்க."

பிறகு அந்தச் செருப்பை ஆபீசுக்கு எடுத்துப் போய், லாரிக்காரனையும் அங்கே வரவழைத்தார்கள். அவன் முதலில் உள்ளதை உள்ளபடி சொன்னான். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நான் அவளை விட்டுப் போயி ரொம்ப நாளாச்சு சார். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா போதுமாப்பா? ஆபீசுக்குத் தெரிய வேண்டாமா? இது உன் செருப்புன்னு கையெழுத்துப் போட்டா பைசா தர வேண்டியதில்ல. என்ன சொல்றே?"

"என் செருப்பேதான் சார்! பார்த்ததும் கண்ணு கலங்கிடுச்சு."

போட்டுக் காட்டச் சொன்னார்கள். குதிகால் முழுசாக வெளியே நின்றது.

"வெளியில திரிஞ்சதுல கால் வளர்ந்துடுச்சு சார்."

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். 'மேற்படி கணவர் மேற்படி வீட்டில் செருப்பு மூலமாக இடைவிடாது வசித்து வருவது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வருவதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று உத்தரவு வந்தது. கூடவே செருப்பும் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

தையல்காரி உத்தரவை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள். "பிள்ளைக்குப் பால் வாங்கக்கூட வழியில்லீங்களே சார்."

"என்னம்மா பேச்சு இது? புருஷன்தான் வீட்டோட இருக்காரே. அவர் சம்பளத்தை வாங்கிச் செலவு பண்ணு!"

பெரியவர்கள் சொன்னதை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சம்பள நாளன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைப் பையில் போட்டு, உத்தரவோடு லாரி ஆபீசுக்குப் போனாள். கேஷியர் உத்தரவைப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். லாரிக்காரன் கையெழுத்தையும் பார்த்தார். உடனே எழுந்து நின்றார். செருப்புக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கு வழியில சிரமம் ஒண்ணும் இல்லையேம்மா?" என்று விசாரித்துவிட்டு, சம்பளத்தை எண்ணிச் செருப்பின் மேல் வைத்தார்.

அன்றைக்கே வாடகை கட்டினாள். உத்தரவைப் படித்த வீட்டுக்காரர் குரலே மாறிவிட்டது. "தம்பி வீட்டோட இருக்காருன்னு முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா? நான் பாட்டுக்கு ஏதேதோ பேசிட்டேனே."

லாரிக்காரன் சம்பளத்துக்குப் போனபோது கேஷியர் கையை விரித்தார். "நீங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டீங்களே." அவன் அதிகாரியிடம் ஓடினான்.

"சார், நான்தான் சார் அவ புருஷன்!"

"இருக்கலாம்ப்பா. ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு புருஷன்தான் பதிய முடியும். மேல்முறையீடு உண்டு. நீயும் செருப்பும் சேர்ந்து மனு போடணும்."

சம்பளம் இல்லாதவனை அந்த வேறொருத்தி ஒரு வேளைகூட வைத்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தையல்காரி வாசலுக்கு வந்து கதவை இடித்தான்.

"திறடி! நான் வந்துட்டேன்."

"யாருங்க?"

"உன் புருஷன்டி!"

"அவர் இங்கேதானே இருக்கார்," என்றது உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல். "அவரை வாசல்ல வச்சுக்கிட்டே இன்னொரு ஆம்பளையை உள்ளே விட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அந்த நாலு பேரும் தெருவில்தான் நின்றிருந்தார்கள். நியாயம்தானே என்றார்கள்.

வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏம்ப்பா, இது குடும்பம் இருக்கிற வீடு. மரியாதையா நடையைக் கட்டு," என்று அவன் தோளைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டார்.

திரும்பி வந்து பார்த்தால், நடந்த தள்ளுமுள்ளில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. குனிந்து அதை நிமிர்த்தி, ஜோடியோடு சேர்த்து வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. தெரியாம கால் பட்டுடுச்சு."