ஊர் சுற்றிய சாய்மனைக் கதிரை

மூன்றாவது வீட்டிலும் அதே சாய்மனைக் கதிரை. இடது கைப்பிடியில் அதே வெடிப்பு. முக்தார் உட்காராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இரிங்க தம்பி. எங்களுக்கு ஒரு குறையுமில்ல" என்றார் வீட்டுக்காரர்.

குறையில்லாவிட்டால் முக்தாரின் பிழைப்பு என்னாவது? மக்களின் பொருளாதாரத்தையும் நலவாழ்வையும் ஆராயப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து கல்முனைக்குடிக்கு அனுப்பப்பட்டவன் அவன். ஊரின் கஷ்டநஷ்டங்களை வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பாவிட்டால் பேராசிரியர் வேறு ஆளை வைத்துக்கொள்வார். இவர்களோ விருந்தாளிக்கென்று செய்த இனிப்பு வட்டிலப்பத்தை நீட்டுகிறார்கள்.

தங்கியிருந்த வீட்டு றஊப் காக்காவிடம் போய்ப் புலம்பினான்.

"அப்பிடி என்ன கேட்ட நீங்க?"

"வீடு யார் பேருல, கிணறு எப்பிடி, தோட்டம் இருக்கா, கலியாணமாகாத பொம்பளப் புள்ளைகள் எத்தனை பேர். இவ்வளவுதான்."

றஊப் காக்கா தலையில் கை வைத்தார். "இங்க மாப்புளதான் பொண்ணுட ஊட்டுக்குக் குடி வாற. நீங்க கேட்டதெல்லாம் மாப்புள ஊட்டார் கேக்கிற கேள்வி. பேராதனை மாப்புள தானே வந்து ஊடு பாக்கிறார் எண்டு ஊரெல்லாம் கதை. அதுதான் அந்தச் சாய்மனைக் கதிரையும் ஊடு ஊடா இரவல் போகுது."

முக்தார் அடுத்த நாள் விஷயத்தை விளக்கிச் சொல்ல உம்மு ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போனான். ஊரில் பாதிக் கலியாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான் என்பது, பாவம், அவனுக்குத் தெரியாது. அன்று வட்டிலப்பத்தோடு நெய்ச்சோறும் வந்தது.

"எனக்குக் கலியாணமே வேணாம்" என்று அடுத்த வீட்டில் வாய்விட்டே சொன்னான்.

வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "சரி, வயலையும் எழுதித் தாறம்."

அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடற்கரையில் அங்குமிங்கும் நடந்தான். உட்கார்ந்தால் அந்தக் கதிரை ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை. மிஞ்சியது முனவ்வறா உம்மாவின் வீடு மட்டும். அங்கே கதிரை இல்லை, கிழிந்த பாய்தான். தேத்தண்ணியில் சீனியும் இல்லை.

"கூரை ஒழுகுது" என்றது திரைக்குப் பின்னாலிருந்து மகள் நதீராவின் குரல். "கெணத்துத் தண்ணி உப்பு. தோட்டமுமில்ல, தொறவுமில்ல. போதுமா?"

முக்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரிலேயே உண்மை பேசும் ஒரே வீடு! அந்த வீட்டை வைத்தே அறிக்கையை எழுதி அன்று மாலையே தபாலில் போட்டான். அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. உம்மு ராத்தாவை இந்தமுறை உண்மையாகவே கலியாணம் பேச அனுப்பினால் என்ன என்றுகூடத் தோன்றியது.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போக வேலப்போடியின் மாட்டு வண்டியில் ஏறினான். உள்ளே அந்தச் சாய்மனைக் கதிரை.

"இதக் குடுத்திட்டுப் போவம், ஐயா." வண்டி முனவ்வறா உம்மாவின் வாசலில் நின்றது.

"பாவம், இவங்களுக்கும் இரவலா?" என்று கேட்டான் முக்தார்.

வேலப்போடி கதிரையை இறக்கிக்கொண்டே சொன்னார்: "கதிரையும் இவங்கடதான், கோமாரி ஊரில இருக்கிற தென்னந்தோட்டமும் இவங்கடதான், ஐயா. நீங்க வந்து போகுமட்டும் இத எங்கயாவது ஒளிச்சு வையுங்க எண்டு நதீராப் புள்ளதான் என்ட வண்டியில ஏத்திவிட்டது."