ஆர்னோவே தேர்ந்தெடுத்த கத்தி

"இன்னையோட சரி. இனிமே மின்சாரம் என் முகத்தைத் தொடாது!"

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசை முன்னால் எழுந்து நின்று ஆர்னோ இப்படிப் பிரகடனம் செய்தான். அவன் மனைவி கெர்டா கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை நிறுத்தவில்லை.

"எழுந்து நின்னு சொல்ற அளவுக்கு இப்ப என்ன ஆச்சு?"

"சவரக்கத்தி வாங்கப் போறேன். மடக்குக் கத்தி. அதைத் தீட்டத் தோல்வார். ஆம்பளைங்க வச்சிருந்த சாமான்!"

"கத்தி வாங்கறதுக்கு ஏன் இப்படிக் கத்தறே?"

ஆர்னோ சோலிங்கன் நகரத்தில், மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் டிராலி பஸ் ஓட்டுகிறவன். உலகத்துத் தாடைகளில் பாதி தங்கள் ஊர் இரும்பால் வழிக்கப்பட்டவை என்பது சோலிங்கன்காரர்களின் நம்பிக்கை. அவன் பஸ் ஒரு நடைக்குப் பதினாறு கத்திப் பட்டறைகளைத் தாண்டிப் போகும். அப்படிப்பட்டவன் தினமும் காலையில் மாமியார் வாங்கித் தந்த மின் சவர இயந்திரத்தைக் கன்னத்தில் வைத்துத் தேனீ வளர்ப்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை நேரமாகிவிட்டதென்று பணிமனையிலேயே அப்படி நின்றதை லோத்தார் என்கிற இன்னொரு ஓட்டுநர் பார்த்துவிட்டான். "ஏம்பா, பஸ்ஸுக்குத்தான் மேலே கம்பி. உனக்குமா?" என்று கேட்டான். பணிமனையே சிரித்தது. சனிக்கிழமை முழுக்க அந்தச் சிரிப்பு ஆர்னோவின் காதில் இரைந்துகொண்டிருந்தது.

கெர்டா இப்போது கத்தியைத் தட்டில் வைத்தாள். வெண்ணெய்க் கத்தியைத்தான்.

"ஆர்னோ, மூணு வாரத்துல அனெட்டுக்குக் கல்யாணம். பொண்ணைக் கையைப் பிடிச்சு நீதான் கூட்டிட்டு நடக்கணும். மூஞ்சி பூரா பஞ்சு ஒட்டிட்டு நடப்பியா? கல்யாணம் முடியட்டும், அப்புறம் வாங்கு."

"கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குவேன். கல்யாணத்தன்னைக்கு அதாலதான் சவரம் பண்ணுவேன்!"

"எனக்குத் தெரிஞ்ச விஷயம்னுதான் சொல்றேன்."

தெரிந்த விஷயம்தான். தன் கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் அவள் ஒரு சவரக்கத்திப் பட்டறையில் கைப்பிடி பொருத்தினவள். அவளுடைய அப்பா கத்தி சாணை பிடிக்கிறவர். ஆனால் அதுதான் ஆர்னோவுக்கு ஆகாது. அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கை உண்டு: மனைவி கிழக்கே என்றால் மேற்கே போகவேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் தான் இருக்கிறோம் என்பதே நாளடைவில் மறந்துபோகும். சமையலறைக்கு நீல வண்ணம் அடிக்கலாம் என்று அவள் சொன்னாள். அடித்தது கடுகு நிறம். குடை எடுத்துப் போ என்றாள். நனைந்து வந்து நான்கு நாள் படுத்தான். படுத்தது ஜுரத்தில்தான், தோல்வியில் இல்லை.

திங்கட்கிழமை காப்பி ஊற்றும்போது திடீரென்று இறங்கி வந்தாள்.

"சரி, வாங்கறதுதான் வாங்கறே. நல்லதா வாங்கு. அங்குலத்துல எட்டில் ஏழு பங்கு அகலம், கனமான அலகு. முனை சதுரமா, கூரா இருக்கணும். அப்பத்தான் பார்க்க கம்பீரம்."

"ஓஹோ."

"தோல்வாரும் குதிரைத் தோல்தான். கடையிலேயே விலை ஒசந்தது எதுவோ அது. மட்டமானதைத் தூக்கிட்டு வந்து என் மானத்தை வாங்காதே."

ஆர்னோ தலையை ஆட்டினான். மனசுக்குள் குறித்துக்கொண்டான். எதையெல்லாம் வாங்கக்கூடாது என்று.

டில்மான் அம்மாளின் கத்திக் கடை சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கத்திகள் பாதி திறந்த வாயோடு வரிசையாகக் கிடந்தன. டில்மான் அம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி அவனுடைய கன்னத்தை அளந்தாள்.

"முதல் கத்தியா?"

"எப்படித் தெரியும்?"

"காது ரெண்டும் முழுசா இருக்கே." அவள் ஒரு பெரிய கத்தியை எடுத்து வெல்வெட்டில் வைத்தாள். "எட்டில் ஏழு. சதுர முனை. கனமான அலகு."

ஆர்னோ பாம்பைக் கண்டவன் போலப் பின்வாங்கினான். "இது வேண்டாம். இதுக்கு நேர் எதிரானது எது?"

"நேர் எதிரா?" அம்மாள் அடுத்த பெட்டியைத் திறந்தாள். "எட்டில் ஐந்து. ரெண்டு பக்கமும் குழிவாத் தேய்ச்சது, கைக்கு லேசு. முனை உருண்டை. மூக்கோரம் தெரியாமத் திரும்பினாலும் குத்தாது. சதுர முனை குத்திட்டுத்தான் தெரிவிக்கும். இது பதமும் பிடிச்சாச்சு, நேரா முகத்துக்குக் கொண்டு போகலாம்."

"இதுதான்! இதேதான்!"

"யாராவது சொல்லி அனுப்பினாங்களா?"

"யாரும் இல்லை," என்றான் ஆர்னோ, நெஞ்சை நிமிர்த்தி. "என் சொந்தத் தேர்வு. தோல்வாரும் காட்டுங்க. குதிரைத் தோலைக் கண்ணுல காட்டாதீங்க. இருக்கறதுலயே விலை குறைஞ்சது."

"கெட்டிக்காரர். புதுசாத் தீட்டறவங்க முதல் மாசமே வாரை வெட்டாம இருக்கமாட்டாங்க. மட்டமானதை வெட்டிப் பழகிட்டு நல்லதுக்கு வாங்க."

தன் சூட்சுமத்தை நினைத்து ஆர்னோவுக்கே வியப்பாக இருந்தது. கத்தியைப் பற்றி ஒன்றும் படிக்காமல், வெறும் எதிர்ப்பு ஒன்றையே கைவிளக்காகப் பிடித்து, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான்!

வீட்டில் கெர்டா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். முகம் தொங்கிப்போனது.

"இத்தனூண்டா? முனைகூட இல்லையே. பென்சில் சீவவா?"

"முகத்துக்கு இது போதும்."

"வாராவது... ஐயே, இது நாய்க்குக் கட்டற பட்டை மாதிரியில்ல இருக்கு?"

"கெர்டா, உனக்குக் கத்தியைப் பத்தித் தெரிஞ்சது அவ்வளவுதான்," என்றான் ஆர்னோ பெருந்தன்மையோடு. தோல்வாரைக் குளியலறை ஜன்னல் கொக்கியில் மாட்டினான்.

அவள் கதவருகே நின்றாள். "கூர்ப் பக்கம் முன்னால போற மாதிரி வேகமா இழு. திருப்பும்போதும் கூர்ப் பக்கமாவே திருப்பு. நாவிதர் கடையில அப்படித்தான், சர்ரு சர்ருன்னு."

போதாதா? ஆர்னோ கத்தியின் முதுகை முன்னால் விட்டு, கூரைப் பின்னால் இழுபடவிட்டு, முதுகின் மேலேயே புரட்டி, கடிகார முள் வேகத்தில் தீட்டினான். மூன்றாம் நாள் லோத்தாரை நினைத்துவிட்டான்; கை கோபத்தில் புரண்டது; தோல்வாரின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். "பார்த்தியா! குதிரைத் தோலா இருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கொண்டாடினான். கெர்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாயடைத்துப் போய்விட்டாள் என்று அவன் எண்ணினான்.

சவரத்துக்கும் அவளிடம் யோசனை தயாராக இருந்தது. "முதல் நாளே முழு முகத்தையும் ஒரே மூச்சுல வழிச்சிடு. மேலுதடு, தாடை, தொண்டைக்குழி எல்லாம். ஆம்பளைன்னா அப்படித்தான்."

"மாட்டேன். முதல் வாரம் வலது கன்னம் மட்டும். பாக்கிக்கு உங்கம்மா இயந்திரம்."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வந்து என் தொண்டைக்குழியைத் தைக்குமா?"

இரண்டாம் வாரம் இடது கன்னம். மூன்றாம் வாரம் தொண்டை, தாடை, கடைசியாக மேலுதடு. கல்யாணத்தன்று காலை வெந்நீர், தூரிகை, சோப்பு நுரை என்று அரைமணி நேரம். வெளியே வந்தபோது முகம் உரித்த முட்டை போலிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அனெட் அப்பாவின் கன்னத்தில் முத்தம் வைத்து, "அப்பா, இவ்வளவு மிருதுவா நீ இருந்ததே இல்லை," என்றாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கெர்டாவுக்கும்தான்.

சர்ச்சில் மகள் கையைப் பிடித்து நடந்தான். லோத்தார் இருந்த வரிசைக்கு எதிரே மட்டும் கொஞ்சம் மெதுவாக.

விருந்தில் வாஃபிள் அப்பங்களும் இனிப்பு அரிசிச் சோறும் பரவிக் கிடந்தன. ஆர்னோ மேசை மேசையாகப் போய்த் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். "என் சொந்தத் தேர்வு. பொண்டாட்டி சொன்னதைக் கேட்டிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரி!" மனைவிக்கும் ஒரு கோப்பை காப்பி எடுத்துக்கொண்டு போனான். வெற்றி பெற்றவனுக்கு இரக்கமும் வேண்டும்.

தூணுக்கு அந்தப் பக்கம் கெர்டா யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைத் தொப்பி. மூக்கு நுனியில் கண்ணாடி. டில்மான் அம்மாள்! சர்ச் பாடகர் குழுவில் இருவரும் இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி என்பது ஆர்னோவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"நீ எடுத்து வச்சுட்டுப் போன கத்தியையே கேட்டு வாங்கினார்டி," டில்மான் அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். "சிரிப்பை அடக்க நான் கண்ணாடியைத் தொடைச்சுட்டே இருந்தேன். உங்கப்பாகிட்ட குடுத்துப் பதம் பிடிச்சதும் நல்லதாப் போச்சு. ஆனா கூர்ப் பக்கமாத் தீட்டச் சொன்னியே, பயமா இல்லை? ஒருவேளை நீ சொன்னதையே செஞ்சிருந்தா?"

"இருபத்தினாலு வருஷமா நடக்காதது இந்த மூணு வாரத்துலயா நடக்கப் போவுது?"

காப்பி தட்டில் தளும்பியது. ஆர்னோ தூணைச் சுற்றிப் பாய்ந்தான்.

"அப்ப அந்தக் கத்தி?"

"நான் தேர்ந்தெடுத்தது," என்றாள் கெர்டா.

"கிழிஞ்ச தோல்வார்?"

"அதுவும்."

"வலது கன்னம் முதல்ல?"

"எங்கப்பா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுப்பார்."

ஆர்னோவின் மழித்த முகம் காதுவரை சிவந்தது. ஒளிந்துகொள்ள அதில் ஒரு முடிகூட மீதமில்லை. கோப்பையை ஓசையோடு மேசையில் வைத்தான். விருந்து மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"சரி! இந்த வித்தை இன்னையோட முடிஞ்சுது. இனிமே நீ என்ன சொல்றியோ, அட்சரம் பிசகாம அதையேதான் செய்யப்போறேன். சாகிற வரைக்கும்!"

கெர்டா திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ, ஆர்னோ! என்ன வேணா பண்ணு, அதை மட்டும் பண்ணிடாதே!"

"பண்ணுவேன்!" என்று கர்ஜித்தான் ஆர்னோ.

கெர்டா கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவளை இந்த அளவுக்கு அழவைத்திருக்க வேண்டாமோ என்று ஆர்னோவுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.