செண்பகவல்லியின் தீவுச் சுற்றுலாவும் ஒரு டப்பா கஞ்சிப் பவுடரும்

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டையில் ஓர் எருமை இருந்தாள். பெயர் செண்பகவல்லி. இந்த மாதிரிக் கதைகளில் முதலில் சிங்கத்தைச் சொல்வதுதான் வழக்கம். இந்தக் காட்டிலும் சிங்கம் உண்டு. அது ஒரு பாறை மேல் உட்கார்ந்து செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததால், இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை.

செண்பகவல்லிக்கு ஒரே ஒரு குறை. கழுத்து வரை தண்ணீரில் இறங்கிக் கண்ணை மூடினால் போதும், கரையில் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மந்தி அலர்மேலு தன் மருமகளைப் பற்றிச் சொல்வாள். காட்டுப்பன்றி பெத்தபெருமாள் தனக்கு நேற்று எத்தனை தடவை ஏப்பம் வந்தது என்று சொல்வார். கொக்கு கரையில்கூட உட்காராது, நேராக முதுகிலேயே ஏறி நின்றுகொண்டு பேசும். எருமை சட்டென்று எழுந்து போகாது என்பது ஊரறிந்த விஷயம். போதும் என்று தலையை ஆட்டினால், ஆமாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவளுக்கு யார் மேலும் கோபமில்லை, பாவம். காதுதான் வலித்தது.

ஒருநாள் சந்தைக்குப் போன இடத்தில், நரி சோதிலிங்கம் நடத்தும் டிராவல்ஸ் கடை வாசலில் ஒரு படத்தைப் பார்த்தாள். கிளிஞ்சல் தேசமாம். வருஷம் முழுக்க வெயில். தீவுக்குத் தீவு படகில் போகலாம். படம் முழுக்க நீலக்கடல். அந்தக் கடலில் ஒருத்தரும் இல்லை. செண்பகவல்லி அந்தப் படத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை.

நரி என்றதும், சரி, ஏமாற்றப் போகிறது என்று நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அதுதான் இல்லை. சோதிலிங்கம் நூற்றுக்கு நூறு நேர்மையானவர். நரி சொல்வதை யாரும் நம்பாததால் வியாபாரம் படுத்துக் கிடந்தது, அவ்வளவுதான். உள்ளே வந்து உட்காரச் சொல்லி, என்ன பார்க்க ஆசை, கலங்கரை விளக்கமா, பவளப்பாறையா என்று விசாரித்தார்.

"இந்தக் கடலுக்குக் கரை உண்டா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"உண்டும்மா. கரை இல்லாம எப்படி?"

"கரையில யாராவது உக்காந்து பேசுவாங்களா?"

நரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பட்டியலில் கலங்கரை விளக்கத்தை அடித்தார். பவளப்பாறையை அடித்தார். நண்டுத்தீவு, தாழைத்தீவு, உப்புத்தீவு என்று மூன்று தீவுகளுக்குத் திட்டம் போட்டார். காலை, படுத்திருத்தல். மதியம், மறுபக்கம் திரும்பிப் படுத்தல். மாலை, சூரியன் மறைவதைப் படுத்தபடி பார்த்தல், தூக்கம் வந்தால் பார்க்காதிருத்தல். இவ்வளவு அருமையான திட்டத்தை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அவளை அறியாமல் நாலு கால் பாய்ச்சலில் ஓடினாள். எருமை ஓடுவதைப் பார்த்து, காட்டில் தீப்பிடித்துவிட்டதோ என்று மான்கள் பின்னாலேயே ஓடின.

புருஷன் மாசிலாமணியிடம் விஷயத்தைச் சொன்னாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னாள். மாசிலாமணி நல்ல எருமை, ஆனால் வாய் அடங்காது. தவிர, ஊருக்குப் போகும்போது நாலு பேரிடம் 'போயிட்டு வர்றோம்' என்று சொல்லாமல் போனால் போகிற காரியம் விளங்காது என்பது அவர் கட்சி. டீக்கடையில் ஒரே ஒருத்தரிடம் சொன்னார். அந்த ஒருத்தர் காக்கை. காக்கை அதைப் 'பச்சைக்காட்டுச் சொந்தங்கள்' வாட்ஸப் குழுவில், ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படத்துக்குக் கீழே எழுதிவிட்டது.

அன்று மாலையே பெத்தபெருமாள் ஒரு சாக்கு நிறையக் கிழங்கோடு வந்தார். தாழைத்தீவில் அவருடைய மூத்த மருமகன் சுடலைமுத்து இருக்கிறாராம். வழிதானே, அப்படியே கொடுத்துவிட்டு ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வந்தால் அவர்களுக்கும் சந்தோஷம் என்றார். பின்னாலேயே அலர்மேலு ஊறுகாய் ஜாடியோடு வந்தாள். நண்டுத்தீவில் அவளுடைய சம்பந்தி வேங்கடாசலம், ஊறுகாய் இல்லாமல் ஒரு வாய் இறங்காத குரங்காம். மாசிலாமணியும் சும்மா இருக்கவில்லை. உப்புத்தீவில் தன் பெரியப்பா மகன் கோட்டைச்சாமி இருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதோடு திட்டம் தலைகீழானது. சுடலைமுத்து வீட்டில் மதியம் சாப்பிட்டால் வேங்கடாசலம் வீட்டில் டிபன் மட்டும் சாப்பிட்டதாக ஆகும், அது மனஸ்தாபம். ஒரு வீட்டில் இரவு தங்கி மற்ற வீட்டில் தங்காவிட்டால் அது தலைமுறைக்கும் பகை. சோதிலிங்கம் பாவம், படுத்திருத்தலை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் திட்டத்தில் கடல் இருந்த ஒரே இடம், ஒரு விருந்திலிருந்து அடுத்த விருந்துக்குப் படகில் போகும் நேரம்தான்.

போகாமல் தவிர்க்கலாமே என்றால் முடியாது. "அவ்வளவு தூரம் போயிட்டு எட்டிப் பாக்கலைன்னா என்ன நினைப்பாங்க?" என்று மாசிலாமணி ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார். இந்தக் கேள்விக்கு இதுவரை எந்தக் காட்டிலும் யாரும் பதில் கண்டுபிடித்ததில்லை. செண்பகவல்லி குட்டைக்குப் போய்த் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு அழுதாள். கொக்கு அவள் முதுகில் நின்று தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காட்டை விட்டு வெளியே போக எல்லை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மறுநாள் அவள் அங்கே போய் நின்றபோது வரிசை ஆலமரத்தைச் சுற்றி ஓடை வரை நீண்டிருந்தது. கவுண்டரில் ஒரு யானை. ஒவ்வொருவரிடமும் பறக்கும் இனமா, நடக்கும் இனமா என்று கேட்டு, பதிலை எழுதி, எழுதியதை ஊதிக் காயவைத்து, பிறகுதான் அடுத்த ஆள். வரிசையில் நின்றவர்களுக்கும் சேதி தெரிந்திருந்தது. முன்னால் நின்ற கீரி ஒரு பொட்டலத்தை நீட்டியது. பின்னால் நின்ற சிறுத்தை, தீவில் தன் மச்சினன் ஜாகை மாறிவிட்டான், விசாரித்தால் சொல்வார்கள் என்று ஆரம்பித்தது. செண்பகவல்லிக்கு இரண்டு கொம்பிலும் பை தொங்கியது. இனி கடலாவது மண்ணாவது என்று அவள் மனம் விட்டுப்போன நேரத்தில்தான், முயல் எழிலரசி வந்தாள்.

எழிலரசி கையில் ஒரு டப்பா. முகத்தில் முழுச் சிரிப்பு. வரிசையின் கடைசியில் நின்ற ஆளிடம் போய், "உங்ககிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? உங்க வாழ்க்கையையே மாத்தப் போற விஷயம்" என்றாள்.

அவ்வளவுதான். கடைசி ஆளுக்கு அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. கீரிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. போன் அடிக்கவே இல்லை, ஆனாலும் வந்தது. சிறுத்தை, "நான் ஏற்கனவே வேற ஒருத்தருக்குக் கீழ சேந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரே பாய்ச்சலில் மரமேறிவிட்டது. முயலைக் கண்டு சிறுத்தை ஓடிய காட்சியை இந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை. ஆலமரத்தடி காலியானது. யானை செண்பகவல்லிக்கு ஒரு சீட்டை எடுத்து, என்ன இனம் என்றுகூடக் கேட்காமல் முத்திரையைக் குத்திக் கொடுத்து, ஷட்டரை இழுத்து மூடியது.

செண்பகவல்லி மட்டும் ஓடவில்லை. சட்டென்று எழுந்து போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. எழிலரசி அவளுக்கு எழில் கஞ்சிப் பவுடரின் மகிமையையும், ஒருவர் இரண்டு பேரைச் சேர்த்து அந்த இரண்டு பேர் நாலு பேரைச் சேர்க்கும் விதத்தையும் விளக்கினாள். தன்னிடம் சொன்ன ஒரு விஷயத்தைச் செண்பகவல்லி ஆசையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு டப்பா வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணியின் போனை எடுக்கச் சொல்லி, தீவில் இருக்கும் மூன்று வீட்டுக்கும் ஒரே செய்தியை எழுத வைத்தாள். 'அன்புள்ள சொந்தங்களே, உங்களைப் பார்க்கத்தான் வருகிறோம். உங்கள் வீட்டில் தங்கி, உங்கள் வாழ்க்கையை மாற்றக்கூடிய ஒரு நல்ல வாய்ப்பைப் பற்றி நிதானமாகப் பேச ஆசை. அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு வையுங்கள்.' கூடவே பவுடர் டப்பாவோடு சிரித்தபடி ஒரு போட்டோ.

மாசிலாமணிக்கு விரல் ஓடவில்லை. சொந்தக்காரர்களிடம் போய் இப்படியா என்று இழுத்தார்.

"என்னங்க, வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து நான் நிம்மதியா கண்ண மூடிப் படுத்ததில்ல" என்றாள் செண்பகவல்லி. "நாலே நாள். அதுக்கு இந்த டப்பாவத் தூக்கிக்கிட்டு அலையணும்னா அலையறேன். அனுப்புங்க."

அவர் அனுப்பிவிட்டார்.

மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு நீல டிக் விழுந்தது. முதலில் சுடலைமுத்து எழுதினார். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்களாம், எப்போது திரும்புவது என்பது தெய்வத்தின் கையில் இருக்கிறதாம். வேங்கடாசலம் வீட்டில் எல்லாருக்கும் அம்மை போட்டு, வைத்தியத்துக்காக வேறு ஊருக்குப் போகிறார்களாம். கோட்டைச்சாமி போனிலேயே வந்தார். தான் ஊரில் இல்லை என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்று மாசிலாமணி கேட்டதற்கு, தனக்கே சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

தீவிலிருந்து காட்டுக்கும் சேதி பறந்திருக்க வேண்டும். பெத்தபெருமாள் வந்து, கிழங்கில் கொஞ்சம் சொத்தை இருக்கிறது, வேறு தருகிறேன் என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். அலர்மேலு, ஊறுகாயில் உப்பு குறைவு என்று ஜாடியை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. குட்டைக்கரையிலும் ஈ காக்காய் இல்லை. அப்படியானால் அவள் குட்டையிலேயே படுத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஐயா.

ஆனால் செண்பகவல்லி யோசனைக்காரி. வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொன்னவர்கள் கடற்கரையில் கண்ணில் பட்டுவிட்டால்? அப்புறம் வா வீட்டுக்கு என்பார்கள். அதனால் சோதிலிங்கத்திடம் போய், யாருக்கும் சொந்தக்காரர் இல்லாத தீவாக ஒன்று வேண்டும் என்றாள். நரி தேடிப் பார்த்து மொட்டைத்தீவு என்று ஒன்றைக் காட்டினார். மணல், பத்துப் பதினைந்து தென்னை, தண்ணீர். வேறு ஒன்றும் கிடையாது, போய்விட்டு வந்து என்னைத் திட்டக் கூடாது என்று நேர்மையாக எச்சரித்தார். அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்காத குறையாக அவள் நன்றி சொன்னாள்.

படகு கிளம்பியது. ஓட்டியது ஓர் ஆமை, அதிகம் பேசாத நல்ல மனுஷன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கடல் நீலமாகவும் இருந்தது, பச்சையாகவும் இருந்தது, எது என்று முடிவு செய்யாமல் மினுங்கிக்கொண்டே இருந்தது. நண்டுத்தீவைத் தாண்டும்போது வேங்கடாசலம் வீட்டில் பூட்டுத் தொங்கியது. தாழைத்தீவில் சுடலைமுத்து வீட்டிலும் பூட்டு. உப்புத்தீவில் கோட்டைச்சாமி வீட்டில் இரண்டு பூட்டு. நிஜமாகவே ஊரில் இல்லையா, நாம்தான் தப்பாக நினைத்தோமா என்று அவளுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது. மாசிலாமணி விருந்து போன ஏக்கத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

மொட்டைத்தீவில் இறங்கியதும் அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகக் கடலுக்குள் நடந்தாள். முழங்கால், வயிறு, கழுத்து. கண்ணை மூடினாள். அலை வந்து அவளைக் கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் இறக்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அழுகையாகவும் சிரிப்பாகவும் வந்தது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். பக்கத்துத் தண்ணீரில் இன்னொரு ஜோடிக் கொம்பு மிதந்துகொண்டிருந்தது. நுனி உடைந்த கொம்பு. கல்யாணப் போட்டோவில் அவள் பார்த்திருந்த கோட்டைச்சாமியின் கொம்பு. அவருக்கு அப்பால் மணலில், முகத்துக்கு மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பன்றிக் குடும்பம். தென்னை உச்சியில் மட்டைக்குப் பின்னால் எட்டுப் பத்து வால்கள். அம்மை போட்ட வால்கள் மாதிரி தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஊரில் இல்லை என்று சொன்னவர்கள், இவள் நேரில் வந்து பார்த்தாலும் பார்த்துவிடுவாள் என்று பயந்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள். எங்கே போவது? சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் சேதி காட்டுக்கு வந்துவிடும். யாருக்கும் சொந்தக்காரர் இல்லாத தீவாகத் தேடி, தனித்தனியாக, ரகசியமாக, எல்லாரும் இங்கே வந்திருந்தார்கள். கடலுக்கு நடுவிலேயே குடியிருந்தும், வந்துபோகிற விருந்தாளிக்குச் சமைத்தே காலம் போனதால், அவர்களில் ஒருத்தரும் அதுவரை கடலில் படுத்ததில்லை.

மாசிலாமணியும் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. "அட, கோட்டை" என்று வாயைத் திறந்தவரின் தலையைச் செண்பகவல்லி தண்ணீருக்குள் அமுக்கினாள். கோட்டைச்சாமி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல மெதுவாக மறுபக்கம் திரும்பிப் படுத்தார். பன்றிகளின் தொப்பி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. தென்னை உச்சியில் வால்கள் உள்ளே இழுத்துக்கொண்டன.

அப்படியே நாலு நாள். மூன்று குடும்பமும் இவர்கள் இரண்டு பேருமாக, ஒரே கரையில், ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போலக் கிடந்தார்கள். யாரும் யாருடைய மருமகளைப் பற்றியும் கேட்கவில்லை. பையனுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்கவில்லை. காலையில் மரத்திலிருந்து இளநீர் தானாக விழுந்தது. எடுத்தவர் மேலே பார்க்கவில்லை. கோட்டைச்சாமியின் மனைவி பருத்திக்கொட்டை கொஞ்சம் அதிகமாக ஊறவைத்து, மறந்ததுபோல் மாசிலாமணி பக்கத்தில் விட்டுப் போனாள். அவர் விருந்து கிடைத்த மகிழ்ச்சியில் வாய் பேசாமல் சாப்பிட்டார். அந்தக் குடும்பங்களின் சரித்திரத்தில், ஒருத்தர்கூடக் கோபித்துக்கொண்டு எழுந்து போகாத ஒரே ஒன்றுகூடல் அதுதான்.

கடைசி நாள். ஆமை படகைக் கொண்டுவந்து நிறுத்தியது. செண்பகவல்லி மனசே இல்லாமல் தண்ணீரை விட்டு எழுந்தாள். அப்போது கோட்டைச்சாமி, அவளைப் பார்க்காமல், கடலைப் பார்த்தபடியே தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, அடுத்த வருஷமும் பவுடர் விக்க வருவல்ல?"

செண்பகவல்லியும் கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: "கட்டாயம் வருவேங்க. வீட்டப் பூட்டி வைங்க."

நீதி: சுற்றம் சூழ இருப்பதுபோல் இன்பம் வேறில்லை, அதற்கு, வந்திருக்கும் அத்தனை பேரும் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.