மாலுமியின் கடைசி வார்த்தை

"நீங்க என்ன நெனைக்கிறீங்க? அவ்ளோ பெரிய புயல்ல அந்த மாலுமி கப்பலைத் திருப்பினது சரியா, தப்பா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"ஆ," என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த தபால்காரர்.

"அதேதான் நானும் சொல்றேன். ஆனா கரைக்கு அவ்ளோ பக்கத்துல வந்துட்டு..."

"ஆ... ஆ."

"அப்படியும் ஒரு கட்சி இருக்கு," என்று ஒத்துக்கொண்ட டாக்டர், இன்னும் கொஞ்சம் பஞ்சை எடுத்து அவர் கன்னத்துக்குள் திணித்தார்.

பாவம், டாக்டருக்குப் பேச்சு என்றால் உயிர். ஆனால் தலையெழுத்து அவரை எப்படிப்பட்ட தொழிலில் கொண்டுபோய் உட்காரவைத்தது பாருங்கள்! எதிரே இருப்பவர்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடியே இருக்கிறார்கள், ஒருவராலும் பதில் சொல்ல முடிவதில்லை. அவர் சொன்ன கருத்தை யாரும் மறுத்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது.

பேச்சு நடக்கும் இடம் ஒன்று அவருக்குத் தெரியும். அது அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. கீழே கிளினிக், மாடியில் வீடு. அந்த வீட்டுக் கூடத்தில்தான் அவர் மனைவியின் வாசகர் வட்டம் கூடும். கோடை விடுமுறையில் எல்லாரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிய்த்து உதறுவார்கள். சிரிப்புச் சத்தமும் சண்டைச் சத்தமும் படிக்கட்டு வரை கேட்கும். டாக்டர் படிக்கட்டில் நின்று கேட்பார்.

இந்தக் கோடைக்கு எடுத்த நாவல் தலையணை கனம். கிழட்டு மாலுமி ஒருவர், ஊரே கரையில் காத்திருக்கும்போது கடைசி நேரத்தில் கப்பலைத் திருப்பிவிடுகிறார். ஏன் திருப்பினார் என்பதுதான் கதை. டாக்டருக்கு அச்சில் இரண்டு பக்கம் தாண்டினால் தூக்கம் வந்துவிடும். அதனால் நூலகச் செயலியில் அதன் ஆடியோ புத்தகத்தை இரவல் எடுத்து, வேலை செய்துகொண்டே கேட்க ஆரம்பித்தார். சந்தோஷம் தாங்காமல் அதை மனைவியிடம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

"காதால கேக்கறது படிப்பாகுமா?" என்றாள் மனைவி. "அப்படிப் பார்த்தா நம்ம சுவர்க் கடிகாரம்கூடப் பெரிய அறிவாளிதான். தினம் ரேடியோ பக்கத்துலதான் தொங்குது."

"கதை ஒண்ணுதானே? கண்ணு வழியா போனா என்ன, காது வழியா போனா என்ன?"

"சரி, பார்த்துடலாம். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். சரியா சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கும் வட்டத்துல ஒரு நாற்காலி. இல்லைன்னா ஜூஸ் தட்டை நீட்டிட்டுப் பேசாம உள்ள போயிடணும்."

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நாற்காலியை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினார். மனைவியின் நாவல் சாப்பாட்டு மேஜை மேல்தான் கிடக்கும். ஒரு ஓரம் மடங்காமல், முதுகில் ஒரு சுருக்கம் விழாமல், கடையில் வாங்கினது வாங்கினபடி இருக்கும். எத்தனை சுத்தமாகப் படிக்கிறாள் என்று அதிலும் அவருக்கு ஒரு பொறாமை.

சிக்கல் மறுநாளே தெரிந்தது. கதையில் ஒரு முக்கியமான கட்டம் வரும். அதே நேரத்தில் டாக்டரின் கையில் டிரில் ஓடும். "மாலுமி மெல்லத் திரும்பி, தன் மகனிடம் சொன்னார்..." அவ்வளவுதான், ர்ர்ர்ர்ர். டிரில் நின்றால், "...மகன் மயங்கி விழுந்தான்" என்று வரும். என்ன சொன்னார், ஏன் விழுந்தான், கடவுளுக்கே வெளிச்சம். நோயாளிகளின் பல்லில் இருந்த சொத்தையைவிட டாக்டர் கேட்ட கதையில் ஓட்டை அதிகம்.

"கொஞ்சம் பின்னாடி போடும்மா," என்பார் உதவியாளரிடம். அவருடைய கையில் உறை, விரலெல்லாம் எச்சில். போனும் உதவியாளருடையது, செயலியும் அவள் பெயரில்தான். சாயங்காலம் ஆனால் கதை அவள் கைப்பைக்குள் ஏறிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடும்.

உதவியாளர் அவசரமாக எதையோ அழுத்துவாள். கதையில் எப்போதோ செத்துப்போன மாலுமி மனைவிக்கு, மறுபடி அப்போதுதான் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்.

"ரொம்பப் பின்னாடி போயிட்டே!"

"நீங்கதானே சார் பின்னாடி போகச் சொன்னீங்க?"

அவளுக்கு வெண்கலக் குரல். வருஷக்கணக்காக டிரில்லுக்கு மேல் பேசிப் பேசி, ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும்.

டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். முக்கியமான கட்டம் வரும்போது டிரில்லை நிறுத்திவிடுவது. நாவலாசிரியரோ முக்கியமில்லாத கட்டம் என்று ஒன்றை எழுதவே இல்லை. ஒரு தையற்கார அம்மாள் பாதி குடைந்த பல்லோடு அத்தியாயம் முழுக்க மல்லாந்து கிடந்தார்.

"டாக்டர், மரத்துப்போற ஊசியோட வேகம் எறங்கிடுச்சு. வலிக்குது."

"உஷ்! கப்பல் கெளம்புது."

"நானும் கெளம்பறேன்," என்று அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டார். கதை சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. சுகமோ சுகம். நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண். பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வந்தவள், பல்லில் ஒரு குறையும் கிடையாது. டாக்டர் அவள் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கதையில் புயல் வந்து பாய்மரம் முறிந்தது.

"ஐயையோ, போச்சு!" என்றார் டாக்டர். "எல்லாம் போச்சே! இனிமே யாராலயும் காப்பாத்த முடியாது!"

கழுத்தில் கட்டின துண்டோடு அந்தப் பெண் ஓடினாள். அவளைத் திருப்பிக் கூட்டிவர உதவியாளர் பேருந்து நிறுத்தம் வரை ஓடினாள். துண்டு மட்டும்தான் திரும்பி வந்தது.

கடைசியில் டாக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. காத்திருப்பு அறையில் ஒரு ஸ்பீக்கரை வைத்துவிட வேண்டியது. அங்கே டிரில் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. உதவியாளர் கதையைக் கேட்டுவிட்டு, இடையிடையே உள்ளே வந்து விட்டுப்போனதைச் சொல்ல வேண்டியது.

காத்திருந்தவர்கள் முதல் நாளே கதைக்குள் விழுந்துவிட்டார்கள். அப்புறம் பெயரைக் கூப்பிட்டால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அவரை முதல்ல கூப்பிடுங்க. எனக்கு வலி கொறைஞ்சிடுச்சு."

"எனக்கு வலியே இல்ல. அந்தத் தம்பிக்குத்தான் வீங்கியிருக்கு."

"வீக்கம்தானே, இருந்துட்டுப் போகுது. மாலுமி மகன் என்ன ஆனான்னு தெரியாம நான் உள்ள வர மாட்டேன்."

உள்ளே டாக்டர் காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டு நின்றார். வெளியே கருத்து மேல் கருத்தாகப் பறந்தது. அவரோ வழக்கம்போலத் தனியாக நின்றார்.

உதவியாளர் உள்ளே வந்து சொன்ன கதையும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

"மகன்கிட்ட என்ன சொன்னாராம்?"

"அது வந்து சார், சரியா அந்த நேரம் பார்த்து போன் வந்துடுச்சு."

"யாரு?"

"சத்தத்தைப் பத்தித்தான் சார். தினம் வருது."

"ஓ, அக்கம்பக்கத்துல இருந்தா? அவங்க என்ன சொல்றாங்களோ அப்படியே செஞ்சிடும்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

"அப்படித்தான் சார் செய்யறேன்," என்றாள் அவள். புகார் வந்த பிறகும் ஸ்பீக்கர் சத்தம் குறைந்ததாக டாக்டருக்குத் தெரியவில்லை. தினம் தினம் கூடுவதுபோலவே இருந்தது. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று அவர் விட்டுவிட்டார்.

மதியம் மாடிக்குச் சாப்பிடப் போனால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஏன் அந்த மிஷின் ஓயாம ஓடுச்சு? மனுஷிக்கு ஒரு எழவும் காதுல விழல."

"உனக்கு என்ன காதுல விழணும்?"

"ம்... குக்கர் விசில்," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. கடைசி அத்தியாயம். புத்தகத்தின் இரவல் கெடுவும் அன்றோடு சரி. நாற்காலியில் ஆஜானுபாகுவான ஒரு மெக்கானிக். டாக்டர் டிரில்லைக் கையில் பிடித்திருந்தாரே தவிர, மனசெல்லாம் ஸ்பீக்கரில் இருந்தது.

"மாலுமி கடைசியாகக் கண்களைத் திறந்தார். இத்தனை காலம் யாருக்கும் சொல்லாத உண்மையை, கப்பலை ஏன் திருப்பினார் என்பதை, ஊரே கேட்கும்படி உரக்கச் சொன்னார்..."

டாக்டர் காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்தார். கால் தானாக மிதியை அழுத்திவிட்டது. ர்ர்ர்ர்ர் என்று டிரில் போய் ஒரு பல்லில் உட்கார்ந்தது. நல்ல பல்.

"ஐயோ அம்மா!" என்று கட்டடம் அதிர அலறினார் மெக்கானிக். "அந்தப் பக்கம் இல்ல! இந்தப் பக்கம்!"

டாக்டர் சட்டென்று டிரில்லை நிறுத்தினார்.

"...என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்," என்று முடித்தது ஸ்பீக்கர்.

மெக்கானிக்கைச் சமாதானப்படுத்தி, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்ன பக்கத்தில் இருந்த பல்லை அடைத்து அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குள் இரவலும் காலாவதியாகி, புத்தகம் போனைவிட்டே மறைந்துவிட்டது. டாக்டர் அந்தக் காலி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. நடுநாயகமாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் பக்கத்தில் டாக்டரின் தங்கை. அண்ணி எந்த இடத்தில் சறுக்குவாள் என்று பார்ப்பதற்காகவே வருஷம் தவறாமல் வருகிறவள். எல்லார் மடியிலும் அந்தத் தலையணைப் புத்தகம். ஓரத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. மனைவிக்கு ஒத்தாசையாகப் பரிமாற வந்திருந்த உதவியாளர், சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரரும் இந்த நாவலைப் படிச்சிருக்காராம். காதால!" என்று ஆரம்பித்தாள் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். "ஒரே கேள்விங்க. சாகும்போது மாலுமி என்ன சொன்னார்?"

டாக்டர் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தெரியாது," என்றார்.

"பாத்தீங்களா? காதால கேக்கறவங்களுக்கு இந்த மாதிரி இடமெல்லாம் நழுவிடும்." மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். "'ஐயோ அம்மா! அந்தப் பக்கம் இல்ல! இந்தப் பக்கம்!' எப்பேர்ப்பட்ட வார்த்தை! காலம் பூரா கப்பலை எந்தக் கரைக்கு ஓட்டறதுன்னு தெரியாம தவிச்ச மனுஷன், சாகும்போதுதான் தெரிஞ்சுக்கறார். எனக்கு நேத்துலேர்ந்து அந்தக் குரல் காதுலயே நிக்குது."

டாக்டர் கையிலிருந்த ஜூஸ் தட்டை மெல்ல மேஜை மேல் வைத்தார். அந்தக் குரல் அவர் காதிலும்தான் நின்றுகொண்டிருந்தது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஒரு வரிக்காகவே நான் ரெண்டாம் தடவை படிச்சேன்."

"நான் அந்தப் பக்கத்துல அழுதே போயிட்டேன் அண்ணி," என்றாள் தங்கை.

"நான் அதுக்குக் கீழ கோடுகூடப் போட்டிருக்கேன்," என்றது இன்னொரு குரல்.

டாக்டருக்கு இப்போது எல்லாம் விளங்கியது. ஒரே ஒரு வார்த்தை போதும். மெக்கானிக்கின் பெயரை எடுத்தால் போதும். அந்த நாற்காலி என்ன, கூடமே அவருடையதாகிவிடும். ஒரு கோடைக் காலத்து ரோஷம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் நிஜமான நீர் திரண்டிருந்தது. பக்கத்தில் நாத்தனார். எதிரில் ஊர்ப்பட்ட சனம். இத்தனை வருஷத்தில் அவர் வாயடைத்துப் போனது அன்றுதான். அது அன்பினால்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

"எனக்குத்தான் அது சரியாக் கேக்கல," என்றார் டாக்டர். "படிச்சவங்க படிச்சவங்கதான்." தட்டை எடுத்துக்கொண்டு சுற்றிவர ஆரம்பித்தார்.

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போது உதவியாளர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவள் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாதென்று காதோரம் ரகசியமாகக் கேட்டாள். கூடம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, நாளைலேர்ந்து கீழ எந்தப் புத்தகம் போடணும்? சத்தம் இப்ப வெக்கற அளவு மாடிக்குப் போதுமா, இல்ல இன்னும் கூட்டணும்னு தினம் போலவே போன் பண்ணிச் சொல்றீங்களா?"