வெங்காயப் புரொபெசர்

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உலகப் பொருளாதாரம் படிப்பித்த ஒரே மனிதர், எனக்குத் தெரிய, எங்கள் 'வெங்காயப் புரொபெசர்'தான்.

நான் வான் ஓட்டுகிறவன். உலக நிதி, வர்த்தகம், அபிவிருத்தி என்று பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்புத் திட்டம். அதில் படிக்கும் பிள்ளைகளை வருடம் ஒருமுறை வலிகாமத்தில் அவருடைய வெங்காயத் தோட்டத்துக்கு ஏற்றிப் போவேன். கேள்வி கேட்கத்தான் வருவார்கள். அவர் விட்டால்தானே!

"தம்பி, காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பாணும் பருப்பும், ஐயா."

"பாண் சுட்ட மா எந்த நாட்டு மா? பருப்பு எந்த நாட்டுப் பருப்பு?"

"ரெண்டும் வெளிநாடாத்தான் இருக்கும்."

"உம்மடை வயித்துக்குள்ளை ரெண்டு கப்பல் நிக்குது. பிறகேன் வர்த்தகத்தைத் தேடி என்னட்டை வந்தனீர்?"

சிரித்த சிரிப்பில் ஒரு பிள்ளை வாய்க்காலுக்குள் விழுந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாடமாட்டார். அவர் வெங்காயம் பிடுங்குகிற மாதம் பார்த்து வெளிநாட்டு வெங்காயமும் வந்திறங்கி, விலையை விழுத்தும். அந்த ஒரு மாதம் இறக்குமதியை நிறுத்தினால் போதும். படிக்கிற பிள்ளைகள் மேலிடத்தில் சொல்வார்கள் என்று நம்பினார். ஆளுக்கொரு பிடி வெங்காயம் கட்டிக் கொடுப்பார்.

"தின்னக்கூடாது. மேலிடத்திலை காட்டுங்கோ."

பிள்ளைகள் இறங்கிய பிறகு பார்த்தால், அத்தனையும் சீட்டுக்குக் கீழே கிடக்கும். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

அடுத்த முறை கேட்பார். "காட்டினவையோடா?"

முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. "ஓம் அண்ணை."

"அப்ப இந்த முறை சரிவரும்."

என் ஓமை நம்பி நாலு வருடம் நட்டார். நாலு வருடமும் விலை விழுந்தது. பிள்ளைகள் பட்டம் வாங்கினார்கள். அவருடைய தோட்டம் கைமாறியது.

போன மாதம் சந்தையில் கண்டேன். லொறியிலிருந்து வெளிநாட்டு வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். வானை விட்டு இறங்காமல் ஒளிக்கப் பார்த்தேன், கண்டுவிட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"அண்ணை, ஒருத்தரும் ஒரு இடத்திலையும் காட்டேல்லை. எல்லாம் எங்கடை வீட்டிலைதான் சாப்பிட்டது."

மூட்டையின் மேல் குந்திவிட்டார்.

"உன்ரை பிள்ளையளும் சாப்பிட்டதுகளோ?"

"ஓம் அண்ணை. கேட்டு வாங்கித் திண்டதுகள்."

"அபிவிருத்தி எண்டது உதுதானடா," என்று சிரித்துக்கொண்டு எழும்பி, மூட்டையைத் தூக்கக் குனிந்தார்.

வானை வழியை மறித்தபடியே விட்டுவிட்டுப் போய், மூட்டையின் மறுபக்கத்தை நான் பிடித்தேன்.